சோஃபாவுக்குப் பின்னால் ஒரு மூலை

ஐந்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்து முகத்தில் மோதியது. என் நாய் செவலை அந்த ஐந்து நாளும் அக்கா வீட்டில் இருந்தாள். வீட்டில் நாய் இல்லை, நாய் வாடை மட்டும் இருந்தது.

செவலையைக் கொண்டுவந்து விட வந்த அக்காவிடம் கேட்டேன். "இப்பதான் உனக்குத் தெரியுதா? ரெண்டு மாசமாவே இருக்குடி. சொன்னா கஷ்டப்படுவேன்னுதான் வாயைத் திறக்கல" என்றாள்.

எனக்கு நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கிறவள் நான். செவலை குட்டியாக வந்த நாளிலிருந்து பினாயில் போடாமல் ஒரு நாளும் தரையைத் துடைத்ததில்லை. ஆனால் மூக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரே வாடைக்குள் தொடர்ந்து இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே அதை நமக்குச் சொல்வதை நிறுத்திவிடும். வீட்டில் நாய் வாடை இருக்கிறது என்று கடைசியாகத் தெரிந்துகொள்பவர் அந்த வீட்டில் இருப்பவர்தான். அன்றிலிருந்து அக்கா எப்போது வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, "முதல் மூச்சில் என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்பேன். நாய் வளர்க்கும் யாருக்கும் இப்படி முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும்.

அப்போது செவலைக்கு எட்டு மாதம். இப்போது பன்னிரண்டு வயது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று வாடை எங்கிருந்து வருகிறது என்று அக்காவும் நானும் தேடினோம். மண்டியிட்டு மோந்துபார்த்தும் சரியாகப் பிடிபடவில்லை. அக்கா புற ஊதா டார்ச் ஒன்றைக் கொண்டுவந்தாள். காய்ந்துபோன சிறுநீர்க் கறை அந்த ஒளியில் மங்கலாக ஒளிரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு சோஃபாவை இழுத்தோம். பின்னால் சுவரோரமாக ஒரு மூலை முழுக்க மஞ்சள் கலந்த பச்சையாகத் திட்டுத் திட்டாக மின்னியது. ஒரு நாள் வேலை இல்லை அது, மாதக் கணக்கில் நடந்திருக்கிறது.

ஏன் அந்த மூலை? இதற்கான பதில்தான் என்னை நெடுநாள் உறுத்தியது. குட்டியாக இருந்தபோது நடு ஹாலில் செவலை மூத்திரம் போனால் அதட்டுவேன். ஓரிரு முறை கழுத்தைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த இடத்தில் மூக்கைக் காட்டியும் இருக்கிறேன். வீட்டுக்குள் போகக் கூடாது என்று கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. அவள் கற்றுக்கொண்டது வேறு: இவள் கண்முன்னால் போகக் கூடாது. அதனால்தான் யாரும் பார்க்காத மூலையைத் தேடியிருக்கிறாள். நடு ஹாலில் போயிருந்தால் உடனே துடைத்திருப்பேன். மறைவாகப் போனதால்தான் அது ஊறிக் கிடந்தது. நான் அதட்டி அதட்டி உண்டாக்கிய மூலை அது.

இன்று ஒரு குட்டியை யாராவது வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் முதலில் சொல்வது இதுதான். குட்டி தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். போனதும் அங்கேயே, அந்த நொடியே பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் ஒரு வார்த்தை பேசாமல் துடையுங்கள். பகலில் குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு உத்தேசமாக ஒரு கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், மிஞ்சினால் கூட ஒன்று. மூன்று மாதக் குட்டியை ஆறு மணி நேரம் தனியே விட்டுவிட்டு வந்து அதட்டுவதில் நியாயமே இல்லை.

அப்புறம் அந்த மூலையைச் சுத்தம் செய்யும் கதை. சிறுநீரில் யூரியா இருக்கிறது. பாக்டீரியா அதை உடைக்கும்போது அம்மோனியா வெளியாகும். அதனால்தான் புதிதாகப் போன சிறுநீரைவிட இரண்டு நாள் பழையது அதிகமாக நாறுகிறது. டைல்ஸ் வழவழவென்று இருந்தாலும் நடுவில் இருக்கும் சிமென்ட் கோடு நீரை உறிஞ்சிக்கொள்ளும். மேலே நான் எவ்வளவு துடைத்தும் கோட்டுக்குள் போனது அங்கேயே இருந்தது. காற்றில் ஈரம் ஏறும் நாளில் மறுபடி வாடையைக் கிளப்பியது.

பினாயில் அந்த வாடையை நம் மூக்குக்கு மட்டும் மறைத்தது. நம் மூக்கில் வாடையை உணரும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். என்ன வாசனையைத் தெளித்தாலும் அதற்கு அடியில் தன் பழைய மூத்திரம் இருப்பது செவலைக்குத் தெரியும். 'இதுதான் நாம் போகும் இடம்' என்று அந்த வாடை அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. அம்மோனியா கலந்த திரவத்தால் துடைப்பது இன்னும் மோசம், அந்த வாடையே சிறுநீர் வாடையைப் போன்றது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆத்திரத்தில் ப்ளீச்சைக் கொண்டுவந்து நேரே சிறுநீர் மேல் ஊற்றாதீர்கள். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு உண்டாகும். கண்ணும் தொண்டையும் எரியும், மூடிய அறையில் மூச்சுக்கே ஆபத்து. ப்ளீச்சோடு வினிகரைக் கலப்பதும் கூடாது, அதில் குளோரின் வாயு வரும்.

எனக்குப் பலன் தந்தது என்சைம் கலந்த கிளீனர். சிறுநீரில் நாறும் பொருட்களை அது உடைத்துவிடும். ஆனால் தெளித்து உடனே துடைத்தால் வேலை செய்யாது. என்சைமுக்கு நேரம் வேண்டும், அந்த நேரம் முழுக்க ஈரமும் வேண்டும். நான் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவினேன், ஏனென்றால் பினாயிலும் ப்ளீச்சும் மிச்சமிருந்தால் என்சைமைக் கெடுத்துவிடும். பிறகு கறை எவ்வளவு தூரம் பரவியிருந்ததோ அதற்கும் கொஞ்சம் வெளியே வரை தாராளமாக ஊற்றி, ஈரத்துணியால் மூடி, பல மணி நேரம் விட்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நான்காம் நாள் அதே இடத்தில் செவலையின் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். சாப்பிடும் இடத்தை நாய் பொதுவாக அசிங்கம் செய்யாது. அந்த மூலை அதோடு அடங்கியது.

புதிதாகப் போனதென்றால் இவ்வளவு பாடு இல்லை. பழைய துணியையோ காகிதத்தையோ வைத்து அழுத்தி உறிஞ்ச விடவும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மெத்தையிலும் கம்பளத்திலும் இன்னும் உள்ளே இறங்கும். கையில் என்சைம் கிளீனர் இல்லையென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்கலாம். தரை மார்பிளாக இருந்தால் வேண்டாம், அமிலம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

முடியைப் பற்றி. செவலைக்குக் குட்டை முடிதான், ஆனால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு உண்டு. வருடத்தில் இரண்டு தடவை அது கொட்டும்போது வீட்டு மூலையெல்லாம் உருண்டை உருண்டையாகப் பறக்கும். வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் வளரும் நாய்களுக்கு வருடம் முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். பல வருடம் நான் இந்த முடியைத் தரையில் துரத்திக்கொண்டிருந்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும் அங்கே கை வைக்கத் தோன்றவில்லை. ஒருநாள் கால்நடை மருத்துவர் சீப்பால் செவலையின் முதுகை நாலு இழுப்பு இழுத்துக் காட்டினார். சீப்பு நிறைய வந்தது. "இது இங்கேயே வந்துடுச்சுன்னா உங்க சோஃபாவுக்குப் போகாதும்மா" என்றார்.

அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம், பால்கனியில் உட்கார்ந்து சீவுகிறேன். கொட்டும் காலத்தில் அடிமுடிக்கான பல் சீப்பு, மற்ற நாட்களில் ரப்பர் பிரஷ். வீட்டில் பெருக்கும் வேலை பாதிக்கும் கீழே குறைந்தது. முடி தொல்லைக்காகச் சிலர் நாயை மொட்டையடித்துவிடுகிறார்கள். இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த முடிதான், சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதும் இல்லை.

மிஞ்சி விழுவதை எடுப்பதில் ஒரே ஒரு விதிதான்: முதலில் காய்ந்தபடி எடு, பிறகு ஈரம் காட்டு. முடி கிடக்கும் தரையில் நேரே மாப் போட்டால் அது நூலாகத் திரிந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். விளக்குமாறு முடியைப் பாதி எடுக்கும், பாதியைக் காற்றில் கிளப்பிவிடும். வாக்குவம் இருந்தால் நல்லது. சோஃபாவுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையே போதும். கையில் மாட்டி, லேசாக ஈரமாக்கி, ஒரே திசையில் இழுத்தால் முடி சுருண்டு வந்துவிடும். நாயின் விரிப்பைத் துவைக்கும் இயந்திரத்தில் போடுவதற்கு முன் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். உதறாமல் போட்டால் முடி மற்ற துணியிலெல்லாம் ஏறும், வடிகட்டியையும் அடைக்கும்.

வீட்டில் யாருக்காவது நாயால் தும்மலும் மூக்கடைப்பும் வந்தால், காரணம் முடி அல்ல. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள்தான். அவை மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு காற்றில் வெகுநேரம் மிதக்கும். அதனால் முடி கொட்டாத நாய் என்று தேடி வாங்குவதில் நிச்சயமான பலன் கிடையாது. படுக்கையறைக்குள் நாயை விடாமலிருப்பதும், நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவமும்தான் அக்கா மகனுக்கு உதவின.

வாசலில் இரண்டு மிதியடி போட்டிருக்கிறேன், வெளியே சொரசொரப்பானது, உள்ளே உறிஞ்சுவது. பக்கத்தில் ஒரு சின்ன வாளியும் ஒரு துண்டும். நடை முடிந்து வந்ததும் நாலு காலையும் நனைத்து, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடைப்பேன். இடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், நாய் நக்கிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் காலை இழுத்துக்கொள்வாள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு பிஸ்கட் துண்டு என்று இரண்டு வாரம் பழக்கினேன். இப்போது துடைக்கும் துண்டை எடுத்தாலே தானாக முன்னங்காலைத் தூக்கி நீட்டுகிறாள்.

இனி உண்ணி. செவலைக்கு நான்கு வயதானபோது இதில் நாங்கள் பட்ட பாட்டை இன்றும் மறக்க முடியவில்லை. ஒருநாள் காதுக்குப் பின்னால் ஒன்று கிடைத்தது. எடுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்த வாரம் சுவரில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. மருந்து ஷாம்பூவில் குளிப்பாட்டினேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி வந்தது.

நாயின் மேல் தெரிவது மட்டும்தான் உண்ணி என்று நினைத்தது என் தவறு. வீடுகளில் தங்கும் பழுப்பு நாய் உண்ணிக்குத் தோட்டமோ புல்லோ வேண்டாம், முழு வாழ்க்கையையும் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். ரத்தம் குடிக்க நாயின் மேல் ஏறும், குடித்ததும் இறங்கிவிடும். தோல் உரிப்பதற்கும் முட்டையிடுவதற்கும் சுவர் விரிசல், கதவு நிலை, கட்டிலின் மூட்டு, திரைச்சீலை மடிப்பு என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பட்டினியாகவே பல மாதம் காத்திருக்கவும் அதற்கு முடியும். நாயை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் அது எப்படித் தீரும்?

மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். செவலையைக் கடிக்கும் உண்ணி செத்துவிடும். ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் பல மாதங்களுக்கு இடைவெளி விடாமல் தர வேண்டும் என்றார், ஏனென்றால் விரிசலில் இருக்கும் முட்டைகள் பொரித்து வந்துகொண்டே இருக்கும். நாங்கள் வீட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டோம். விரிசல்களைப் பூசி அடைத்தோம். செவலையின் விரிப்புகளைச் சூடான தண்ணீரில் வாரம் ஒருமுறை துவைத்தோம். வாக்குவத்தின் குழாயை நிலைகளிலும் கட்டில் அடியிலும் தினமும் ஓட்டினேன், சேர்ந்த குப்பையை உடனே கட்டி வெளியே போட்டேன். கடைசி உண்ணியைப் பார்க்க ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு மாதம் மாத்திரை போதும் என்று விட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். நோய்க்கிருமி அதற்குள் இருக்கலாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். தெள்ளுப்பூச்சிக்கும் இதே கணக்குதான். கண்ணில் படும் பெரிய பூச்சிகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான், மீதி முட்டையும் புழுவும் கூடுமாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். இன்னொன்று: நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் அது பூனையின் உயிருக்கே ஆபத்து, கேட்டு வாங்குங்கள்.

தரை துடைக்கும் திரவத்தை எடுக்கும்போதெல்லாம் இப்போது ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். செவலை செருப்பு போடுவதில்லை, காலை நக்குவாள். தரையில் நான் போடுவது எல்லாம் கடைசியில் அவள் வாய்க்குப் போகும். கறுப்புப் பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்கள் நாய்க்கு விஷம். வாசனை எண்ணெய்களிலும் டீ ட்ரீ எண்ணெய் போன்றவை ஆகாது. மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் துடைக்கிறேன். கிருமிநாசினி போட்டே ஆக வேண்டிய நாளில் தரை முழுக்கக் காயும்வரை அவளை வேறு அறையில் வைப்பேன்.

தட்டும் தண்ணீர்க் கிண்ணமும்: தினமும் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். கிண்ணத்தின் உள்பக்கத்தில் விரலை ஓட்டினால் வழுக்குகிறதே, அது பாக்டீரியா கட்டிய படலம். தண்ணீரை மாற்றி ஊற்றினால் போகாது. ஸ்டீல் நல்லது, பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். அதில் உருண்டைப்புழுவின் முட்டை இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். அதற்குள் எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை, விட்டுவிட்டால் மண்ணில் வருடக் கணக்கில் கிடக்கும்.

குளிப்பாட்டுவதில் நான் ரொம்ப நாள் தவறு செய்தேன். வாடை வந்தால் குளிப்பாட்டு, அடுத்த வாரமும் குளிப்பாட்டு, அதுவும் என் ஷாம்பூவில். நாயின் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது, நமக்கான ஷாம்பூ அதற்குப் பொருந்தாது. தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, சொறிந்து, வாடை இன்னும் கூடியது. இப்போது மாதம் ஒருமுறை, நாய் ஷாம்பூவில், கடைசி நுரை போகும்வரை அலசி, அடி முடி வரை உலர்த்துகிறேன்.

ஆரோக்கியமான நாய் நாறாது. இதை நான் புரிந்துகொள்ள வருடங்கள் ஆயின. மீன் நாற்றம் மாதிரி ஒன்று சோஃபாவில் வந்தபோது சோஃபா உறையைத்தான் மூன்று முறை துவைத்தேன். பின்பக்கச் சுரப்பிகள் நிறைந்திருந்தன என்பது மருத்துவர் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காதிலிருந்து புளித்த வாடை வந்தால் பூஞ்சை, வாய் நாறினால் பல்லும் ஈறும். இப்போது வீட்டில் புது வாடை வந்தால் துணியைத் தேடுவதற்கு முன்னால் செவலையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காது, வாய், கால் இடுக்கு, வால் அடி என்று ஒவ்வொன்றாக மோந்துபார்க்கிறேன்.

போன வருடம் ஒருநாள் காலையில் அவள் படுக்கை நனைந்திருந்தது. பதினொரு வருடம் பழகிய நாய். என் வாய்வரை அதட்டல் வந்துவிட்டது. அவள் எழுந்து நின்று, நனைந்த இடத்தை மோந்துபார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கே அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. சோஃபாவுக்குப் பின்னால் இருந்த மூலை அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு விரிப்பை எடுத்தேன்.

பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போனால் அது பிடிவாதம் இல்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரையாக, சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். செவலைக்குச் சிறுநீரைச் சோதித்து, தொற்று இல்லை என்று உறுதி செய்தார்கள். கருத்தடை செய்த பெண் நாய்களுக்குச் சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்து, தூக்கத்தில் தானாகக் கசிவது உண்டாம். மருந்து தொடங்கியபின் பெரிதும் குறைந்திருக்கிறது.

படுக்கையை மாற்றியமைத்தேன். அடியில் மெத்தை, அதற்கு மேல் தண்ணீர் இறங்காத உறை, மேலே உறிஞ்சும் விரிப்பு. இதே போல மூன்று விரிப்புகள்: ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். காலையில் எழுந்ததும் அவள் வயிற்றையும் தொடை இடுக்கையும் வெதுவெதுப்பான துணியால் துடைத்து உலர்த்துகிறேன். ஈரம் தங்கினால் தோல் வெந்துபோகும். ராத்திரி படுப்பதற்கு முன் ஒரு தடவை கூடுதலாக வெளியே கூட்டிப்போகிறேன்.

நேற்று அக்கா வந்தாள். வாசலில் நிறுத்தி வழக்கம்போலக் கேட்டேன். மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஈரத் துண்டு வாடை வருது, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். வாளிக்குப் பக்கத்தில் இருந்த துண்டு காயாமல் சுருண்டு கிடந்தது. அதை எடுத்துக் கொடியில் போடப் போனேன். கால் துடைக்கத்தான் துண்டை எடுக்கிறேன் என்று நினைத்து, செவலை மெதுவாக எழுந்து வந்து முன்னங்காலைத் தூக்கி நீட்டினாள்.